கணுக்கால் வரை ஒரு திரை

ஜூன் 21

அம்மா இன்றும் அண்ணியிடம் நேரடியாகப் பேசவில்லை.

காலையில் மூன்று பேரும் சமையலறையில்தான் நின்றோம். அண்ணி அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்து, "கோகிலா, வெங்காயம் போதும்னு அவகிட்டச் சொல்லு" என்றாள். நான், "போதுமாமுங்கண்ணி" என்றேன். அண்ணி என்னிடம், "தக்காளி எத்தனை நறுக்கட்டும்னு அத்தைகிட்டக் கேளு கோகிலா" என்றார். நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ரெண்டு போதும்னு சொல்லு" என்றாள்.

பி.காம். முடித்து வீட்டுக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான் என்பதால், பட்டறையில் வருடப்பிறப்புக்குக் கொடுக்கும் டைரியை அப்பா எனக்கே தந்துவிடுவார். அப்பாவுக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர் வேலை. டைரி ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது. எதிரில் இருப்பவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. இதில் கொஞ்சம் வருகிறது.

ஜூன் 22

நேற்று அண்ணியைப் பற்றிச் சரியாக எழுதவில்லை. பெயர் இந்துமதி. கொசுவலைக் கம்பெனியில் வலை தைத்தவர். அண்ணன் சபரி அங்கேதான் மெக்கானிக். மே மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். அண்ணனின் கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து நடத்தியது. தாலி, மாலை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் ஒன்றுகூட மறக்காமல் வாங்கியதாக அண்ணன் பெருமையாகச் சொல்வான்.

வேறு சாதி என்று அண்ணி வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா போய் இரண்டு பேரையும் அழைத்து வந்தார். அம்மா தடுக்கவில்லை. ஆரத்தியும் எடுக்கவில்லை.

ஜூன் 24

பசுபதிபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரே ஹால், ஒரு சமையலறை. ஹாலில்தான் எல்லோரும். அண்ணன் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறான். அண்ணி எனக்குப் பக்கத்தில் பாய் விரித்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தனியாகப் பேச வேண்டுமென்றால் மளிகைக் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. தினமும் ஏதோ ஒன்று வாங்குகிறார்கள். வீட்டில் ஐந்து சீப்பு சேர்ந்துவிட்டது.

இன்று அண்ணன் அப்பாவிடம், "வெங்கமேட்ல ஒரு ரூம் பாத்திருக்கேம்ப்பா" என்றான்.

அப்பா சாப்பாட்டில் இருந்து தலை தூக்கவில்லை. "இந்த மாசம் இன்னொருத்தர் இருக்காங்கன்னியே."

"அடுத்த மாசம் காலியாகுது."

"அடுத்த மாசம் ஆடி. ஆடியில யாருடா குடி போவா? ஆவணி ஒண்ணாந்தேதிக்கு மேல பாரு."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் தட்டு நிரம்பி விளிம்புக்கு வந்த பிறகுதான் கரண்டியை எடுத்தாள்.

ஜூன் 25

ஹாலில் பீரோ நிற்கிற மூலையை ஒரு திரை போட்டு மறைத்தால் அதுவே ஒரு அறை மாதிரி ஆகிவிடும். அது என் மூலைதான். என் புத்தகங்கள், என் கண்ணாடி, சின்ன வயதில் நான் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பரவாயில்லை. சமையலறைப் பக்கம் எனக்குக் காற்று நன்றாக வரும்.

இதைச் சாப்பிடும்போது சொல்ல நினைத்து, சொல்லாமல், கடைசியில் அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உனக்கு மூலை?" என்றார்.

"எனக்கு டைரி இருக்குங்கண்ணி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 28

எக்ஸ்போர்ட்டில் கழித்த துணியைக் கிலோ கணக்கில் விற்கும் கடைக்கு அண்ணியும் நானும் போனோம். நல்ல கெட்டியான பருத்தித் துணி. முழுக்க மான்கள். வெளிநாட்டுப் பண்டிகைக்கு அச்சடித்ததாம், நடுவில் சாயம் தள்ளிப்போய்விட்டதால் கழித்துவிட்டார்களாம். சில மான்களுக்கு மூக்கு முகத்துக்கு வெளியே சிவப்பாக மிதக்கிறது.

வீட்டுக்கு வந்து விரித்ததும் அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, மாட்டுத் தலையில மரம் முளைச்சிருக்கு?"

"மானுங்கம்மா. பனி பெய்யிற ஊரு மான்."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல கொம்பு. ஈரத்துணி காயப்போடலாம்."

அண்ணி சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். இந்த வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்தது இன்றுதான்.

ஜூன் 29

தையல் மெஷின் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா துண்டுக் கம்பெனியில் ஓரம் அடித்த காலத்தில் வாங்கியது. கம்பெனி மூடியபிறகு அதன்மேல் டி.வி. ஏறிவிட்டது. இன்று அப்பா டி.வி.யை இறக்கிச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் வைத்தார். அம்மாவிடம் கேட்டாரா என்று தெரியாது. மிதித்தால் கிறீச்சென்று தெருவுக்கே கேட்கிறது.

ஜூன் 30

காலையில் எழுந்தபோது மெஷின் பலகைமேல் எண்ணெய்க் குப்பி இருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குப்பி அரிசி டின்னுக்குப் பின்னால் இருப்பது வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஜூலை 3

அண்ணி தரையில் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே மூச்சில் வெட்டினார். நான் மறுமுனையைப் பிடித்திருந்தேன். அம்மா சமையலறை வாசலில் முறத்தோடு நின்று ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அப்புறம் உள்ளே போய்விட்டாள். முறத்தைத் தட்டும் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

எனக்கு அண்ணி நேராக அடிக்கக் கற்றுத் தந்தார். என் தையல் ஊர்வலம் மாதிரி அங்கும் இங்கும் போனது. அதைப் பிளேடு முனையால் எப்படிப் பிரிப்பது என்றும் காட்டினார். தைப்பதைவிடப் பிரிப்பது எனக்கு நன்றாக வருகிறது. துணியில் தடமே தெரியவில்லை என்று பாராட்டினார்.

ஜூலை 5

திரை ஏறிவிட்டது!

கம்பிக்கு அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். பழைய பஸ்ஸைப் பிரித்தபோது மிஞ்சிய கைப்பிடிக் கம்பி. நின்றுகொண்டு வருகிறவர்கள் மேலே பிடித்துக்கொள்வார்களே, அதே கம்பி. வளையத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று என் காலேஜ் பிளாஸ்டிக் வளையல்களைக் கோத்துவிட்டோம். திரையைத் தள்ளினால் யாரோ கை வீசி நடக்கிற மாதிரிச் சத்தம் வருகிறது.

அண்ணன் வேலை முடிந்து வந்து வாயைப் பிளந்தான். அப்பா திரைக்கு முன்னால் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்றார். அண்ணி, "டிக்கெட் எடுக்கணுங்களா மாமா?" என்றார். அப்பா, "புது ஜோடிக்கு ஃப்ரீ பாஸ்" என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்து அவரே வெட்கப்பட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

திரை தரையைத் தொட்டு மடிந்து நிற்கிறது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போய் விளக்கு ஏற்றினாள்.

ஜூலை 9

மெஷினையும் திரைக்குள் தள்ளிக்கொண்டோம். மிச்சம் இருக்கிற துணியில் குஷன் உறை தைக்கப் போகிறோம். உள்ளே வைக்க பஸ் சீட்டின் வெட்டுத் துண்டு ஸ்பாஞ்ச் அப்பா மூட்டையாகக் கொண்டுவந்தார். அண்ணனின் கிழிந்த ஜீன்ஸில் கரண்ட் பில், சீப்பு எல்லாம் போட்டுச் சுவரில் மாட்ட ஒரு பை தைத்தோம். பின்பாக்கெட் அப்படியே இருக்கிறது. ஐந்து சீப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது.

ஜூலை 13

திரையில் காபி கொட்டிவிட்டது. கொட்டியது நான். அண்ணி அதை வெந்நீரில் ஊற வைத்துத் துவைத்துக் காயப்போட்டார். சாயங்காலம் மாட்டினோம். மாட்டிவிட்டு இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து பார்த்தோம்.

தரையைத் தொட்ட திரை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.

முதலில் கம்பி மேலே ஏறிவிட்டது என்று நினைத்தேன். அண்ணி துணியின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "நனைக்காம வெட்டிட்டேன் கோகிலா" என்றார். இத்தனை வருடம் கொசுவலை தைத்தவர். நைலான் வலை எத்தனை தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. பருத்தியை முதலில் நனைத்து, காயவைத்து, அப்புறம்தான் வெட்ட வேண்டும் என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது.

அண்ணன் உள்ளே நின்றால் கணுக்காலுக்குக் கீழே ஒரு ஆள் தனியாக நிற்கிற மாதிரி இருக்கிறது. நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. "இந்த வீட்டுல நான் செஞ்ச மொத வேலை" என்றார்.

ஜூலை 14

கீழே ஒரு துண்டு சேர்த்துத் தைத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "குஷனுக்கு வச்ச துணி இருக்கும்மா. ஒரு மணி நேர வேலை."

அம்மா திரையைப் பார்த்தாள். "இருக்கட்டும். ஆடி முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஆடி முடிந்தால் அவர்கள் போய்விடுவார்கள். அப்புறம் திரை எதற்கு?

ஜூலை 17

ஆடி ஒன்று. எதிர்வீட்டு ருக்மணி அக்கா வந்து, "ஏனுங்க பழனியம்மாக்கா, ஆடிக்கு மருமகள அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பலீங்களா?" என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "இதுவே அம்மா வூடுன்னு இருக்கட்டும்" என்றாள்.

ருக்மணி அக்கா போனதும் அம்மா என்னிடம், "உங்கண்ணன ஆடி முடியிற வரைக்கும் கட்டில்லயே படுக்கச் சொல்லு. நீ உள்ள படுத்துக்க" என்றாள். ஆடியில் புது ஜோடியைச் சேர்த்து வைக்கமாட்டார்கள். அண்ணன் தலையணையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸை விட்டவன் மாதிரி வாசலுக்குப் போனான்.

அதனால் இப்போது என் மூலையில் அண்ணியும் நானும். விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குப் பேச்சு வராது என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை.

ஜூலை 23

அம்மா காய் நறுக்கும் இடத்தை மாற்றிவிட்டாள். முன்பெல்லாம் பின்வாசல் படியில் உட்காருவாள். இப்போது ஹாலில், திரைக்கு நேர் எதிரே அரிவாள்மணையைப் போட்டுக்கொள்கிறாள். நாங்கள் உள்ளே என்ன செய்கிறோம் என்று கவனிக்கிறாள் போல.

ஒன்று விநோதமாக இருக்கிறது. அண்ணி எதிரில் வந்தால் அம்மா வேறு பக்கம் பார்ப்பாள். திரை மூடியிருக்கும்போதுதான் அந்தப் பக்கமே பார்க்கிறாள். இன்று அண்ணி உள்ளே நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். கீழே அவர் பாதம் மட்டும் தெரிந்தது. இரண்டாவது விரல் கட்டை விரலைவிடக் கொஞ்சம் நீளம். அம்மா கத்தரிக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு நறுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, துண்டு சேத்துடட்டுமா?" என்றேன்.

"ஆடி முடியட்டும்னு சொன்னேன்ல."

ஜூலை 28

குஷன் உறை நான்கு முடிந்தது. இன்னும் ஐந்து பாக்கி. வாசல் கதவுக்கு அப்பா மிஞ்சிய பஸ் பெயின்ட் அடித்தார். பச்சையும் மஞ்சளும். தபால்காரர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பெல் அடித்தார்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் காவிரிக்குப் போனோம். கரை முழுக்கப் பெண்கள். வாழை இலையில் காப்பரிசி, காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு. கும்பிட்டு முடித்ததும் அம்மா ஒரு மஞ்சள் கயிற்றை என்னிடம் நீட்டினாள். "அவளுக்குக் குடு." கொடுத்தேன். அண்ணி கண்ணை மூடிக் கட்டிக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தர் அண்ணியின் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் காலைப் பார்த்தார். "மெட்டி போடலையா கண்ணு? கழட்டி வச்சிட்டியா?" என்றார்.

அண்ணி சேலையை இழுத்துக் காலை மூடினார். யாராவது பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அண்ணி எப்போதும் அப்படித்தான் செய்வார். பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு ஆண்பிள்ளைகள் எதையும் மறக்காமல் வாங்கியிருக்கிறார்கள்!

அம்மா காதில் விழாதவள் மாதிரி கூடையைக் கட்டினாள். பஸ்ஸில் அண்ணிக்கு ஜன்னலோரம் விட்டாள்.

ஆகஸ்ட் 9

அண்ணன் வெங்கமேட்டு ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். ஆவணி ஒன்று, காலையிலேயே போகிறார்கள்.

"உங்களுக்குப் போகணுமாங்கண்ணி?" என்று கேட்க நினைத்தேன். நாளை கேட்கிறேன்.

ஆகஸ்ட் 10

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12

குஷன் உறை எட்டு முடிந்தது. இன்னும் ஒன்றே ஒன்று. போவதற்குள் ஒன்பதையும் முடித்துக் கொடுத்துவிடுவேன் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். ஒரு வேலையைப் பாதியில் விட்டுப் போகும் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 13

ஏழாவது உறையின் ஓரம் எப்படியோ பிரிந்துவிட்டது. அண்ணி மறுபடி அடித்தார்.

ஆகஸ்ட் 14

இன்று மூன்று உறைகளில் பிரிந்திருக்கிறது. நூல் மட்டம் போலிருக்கிறது.

அண்ணி உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துணியில தடமே தெரியல கோகிலா. சுத்தமாப் பிரிஞ்சிருக்கு" என்றார். நான் டைரியைத் தேடப் போய்விட்டேன். அது என் கையில்தான் இருந்தது.

அம்மா சமையலறையில் இருந்து, "பிளேடு புடிக்கிற எலி ஒண்ணு இந்த வீட்டுல திரியுது. பாத்து, கையைக் கிழிச்சுக்கப் போவுது" என்றாள்.

அவர்கள் போவதில் எனக்கு ஒன்றும் இல்லை. வெங்கமேடு பஸ்ஸில் போகிற தூரம்தான். குஷன் முடியவில்லையே என்றுதான்.

ஆகஸ்ட் 16

ஆடி கடைசி. அண்ணி துணிகளை மடித்துப் பையில் வைத்தார். என் ஸ்டிக்கர் ஒட்டிய சுவரைத் துடைத்துவிட்டு, "உன் மூலை உனக்கே வந்துடுச்சு" என்றார். "வேண்டாங்கண்ணி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அண்ணி என் தலையைத் தொட்டார். "பேசாத வீட்டுல எத்தனை நாள் இருக்கறது, சொல்லு" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

ஆகஸ்ட் 17

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். கை ஓடமாட்டேன் என்கிறது.

காலையில் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. அண்ணன் மினி ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தான். அது வந்து பச்சை மஞ்சள் கதவுக்கு முன்னால் நின்றது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்த பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்து, வண்டி வந்தாச்சு" என்று அண்ணன் கத்தினான்.

"ஒரு உறைதான். இதோ முடிஞ்சுது" என்றார் அண்ணி. திரைக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கீழே அண்ணியின் இரண்டு பாதமும் மிதிகட்டையில் ஏறி இறங்குவது தெரிந்தது.

அப்போது அம்மா வந்தாள். குளித்த தலை, நெற்றியில் கோயில் குங்குமம். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் திரைக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். திரைக்குக் கீழே கையை விட்டு மிதிகட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சக்கரம் நின்றது.

"காலை எடுக்காத இந்து" என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை. அண்ணியிடம் சொன்னாள்.

அம்மா மடியில் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ரோஸ் காகிதத்தில் ஒரு ஜோடி வெள்ளி மெட்டி.

"டேய் சபரி, இங்க வா. மத்தவங்க போடக் கூடாது, நீதான் போட்டு விடணும். நாலு தடிமாடு சேந்து கல்யாணம் பண்ணுனீங்களே, ஒருத்தனுக்காச்சும் அக்கா தங்கச்சி இல்லையா?"

அண்ணன் ஆட்டோக்காரரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அம்மி மேல கால வச்சுத்தானம்மா போடுவாங்க..."

"மிக்ஸி வந்தன்னிக்கே அம்மிய உங்கப்பன் தூக்கிக் குடுத்துட்டான். இதுவும் கனமான இரும்புதான். என் கைக்காசுல வாங்குனது. உக்காருடா."

அண்ணன் உட்கார்ந்தான். திரையைத் தள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அண்ணியின் வலது கால் மிதிகட்டைமேல் இருந்தது. அந்த நீளமான இரண்டாவது விரலில் அண்ணன் மெட்டியை ஏற்றினான். கொஞ்சம் தளர்வாக இருந்தது. அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு, தானே விரலால் அழுத்திச் சரியாக்கினாள். பிறகு இடது கால். மான்களுக்கு மேலே எங்கேயோ அண்ணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஆடியில வாங்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மூட்டையக் கட்டிட்டீங்க" என்றாள் அம்மா. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்குத்தான் துண்டு சேக்க வேண்டாம்னேன். மூஞ்சியப் பாத்து வெரல் அளவு கேக்க முடியல. கால் தெரிஞ்சுது."

வளையல்கள் குலுங்கின. அண்ணி திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் நான், "என்ன சொல்லணும்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா, "நீ சும்மா இருடி" என்றாள்.

வாசலில் ஆட்டோக்காரர், "சாமான் ஏத்தலாங்களா?" என்றார்.

அப்பா பேப்பரை மடித்தார். "சாமானா? அந்த ரூம்காரர் வூடு வரைக்கும் நான் மட்டும் வரேன். அட்வான்ஸ் திருப்பி வாங்கணும்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி சரியென்று தலையை ஆட்டினார்.

சாயங்காலம் அம்மா குஷன்துணியில் மிச்சத்தை எடுத்து விரித்துப் பார்த்தாள். "இப்ப துண்டு சேத்துத் தைங்க. புருஷன் பொண்டாட்டி இருக்கற எடம், கால் தெரிஞ்சா நல்லாவா இருக்கு?"

அண்ணி கத்தரிக்கோலை எடுத்தார். அம்மா அதைக் கையிலிருந்து பிடுங்கினாள். "மறுபடியும் நனைக்காமயா? அன்னிக்கே பாத்தேன், வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாமில்லீங்க அத்தை?"

"நான்தான் பேசறதில்லையே."

அண்ணி வாயைப் பொத்தாமல் சிரித்தார்.

துணி பின்வாசலில் வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்கு மேலே ஒரு மானின் சிவப்பு மூக்கு மட்டும் தெரிகிறது. நாளை காய்ந்ததும் வெட்ட வேண்டும். ஒன்பதாவது உறையும் முடிந்துவிட்டது. இனி எதுவும் பிரியாது என்று நினைக்கிறேன்.